திருகாணி இல்லாத கிளி

சுபாஷிணி யாரையும் ஏமாற்றிப் பிழைக்கிறவள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றும்.

திருச்சிக்காரி. கணவருக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை, டெல்லி துவாரகாவில் மூன்றாம் மாடி ஃபிளாட். மகள் மிருதுளா பிறந்ததும் பார்த்த வேலையை விட்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல், கொலுவில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கிற குங்குமச்சிமிழ், சின்னத் தட்டு என்று இணையத்தில் விற்க ஆரம்பித்தாள். டெல்லித் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தன்னைத் தெரியும் என்பாள். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான்.

இந்த வருஷம் சதர் பஜார் மொத்தக் கடை ஒன்றில் ஒரு கிளி அவள் கண்ணில் பட்டது. உள்ளங்கை அளவு பச்சை பிளாஸ்டிக், தலையைத் தட்டினால் வயிறு மினுங்கும். பெட்டி பெட்டியாக வாங்கி வந்து விற்பனைத் தளத்தில் ஏற்றப் போனால், பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சான்றிதழும் எங்கே என்று தளம் கேட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தாள். பொம்மை என்று எதற்குப் போடுகிறீர்கள் மேடம், அலங்காரப் பொருள் என்று போடுங்கள் என்று அவர் ஹிந்தியில் சிரித்தார். வேண்டுமானால் முத்திரை ஸ்டிக்கர் ஒரு சுருள் தருவதாகவும் சொன்னார். சுபாஷிணிக்குக் கோபம் வந்துவிட்டது. போலி ஸ்டிக்கர் ஒட்டுகிறவளா நான் என்று போனை வைத்தாள். வைத்த கையோடு கிளியை அலங்காரப் பொருள் என்று ஏற்றினாள். ஸ்டிக்கரை மறுத்த பெருமையில், செய்த காரியம் உறைக்கவே இல்லை.

கீழ்வீட்டு ஜோஸ்லின் தூத்துக்குடிக்காரர், குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒரு நாள் கிளியைத் திருப்பிப் பார்த்தார்.

"மூடிக்கு ஸ்க்ரூவே இல்லியே சுபா. இந்தப் பொட்டு சைஸ் பேட்டரி பிள்ளைங்க தொண்டையில மாட்டுச்சுன்னா ரெண்டே மணி நேரத்துல உள்ள வெந்துரும். நான் பாத்திருக்கேன்."

"கொலுவுல வைக்கிறதுக்குத்தான் அக்கா. விளையாட இல்ல."

"கொலுவுக்குப் பிள்ளைங்க வராதா?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. உட்கார்ந்து நாற்பது கிளிகளின் மூடிக்கு டேப் ஒட்டினாள். அப்புறம் ஆர்டர் குவிந்தது. மிச்சம் இருநூறும் டேப் இல்லாமலே போயின.

விஜயதசமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மிருதுளா பாலைத் தள்ளிவிட்டாள். வாயெல்லாம் எச்சில், சட்டை நனைந்திருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தை, பல் முளைக்கிறது என்று நினைத்துத் தொட்டிலில் போட்டாள் சுபாஷிணி. பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"லக்ஷ்மிபாய் நகர் கஸ்தூரிரங்கன் பேசறேன்மா. உங்ககிட்ட பன்னெண்டு கிளி வாங்கினோம். மிச்சம் நாலு இருக்கு. கையில எடுத்தாலே மூடி கழண்டு பேட்டரி விழறது."

"மத்த எட்டு, சார்?"

"தாம்பூலத்தோட போயாச்சே. யார் யாருக்குன்னு எப்படிச் சொல்றது?"

சுபாஷிணி போனை வைத்தாள். வாங்கிய எல்லோருக்கும், கிளியைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், எடுத்து வையுங்கள் என்று செய்தி அனுப்பினாள். பதில்கள் வர வர பயம் ஏறியது. கொடுத்தாச்சு. கொடுத்தாச்சு. துவாரகாவிலேயே ஒருத்தி எழுதியிருந்தாள்: "நான் பிரிக்கவே இல்லப்பா. எனக்கு வந்த பையை அப்படியே எங்க வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுத்துட்டேன்."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வந்த தாம்பூலப் பையைப் பிரிக்காமல் வைத்திருந்து, அடுத்து வருகிறவருக்குக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சுபாஷிணியும் செய்வாள். இந்தக் கொலுவுக்கு ஆறு வீடுகளுக்குப் போய் வந்திருந்தாள். ஆறு பைகளும் பால்கனி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன.

கீழ்த்தட்டு என்று நினைத்ததும் எழுந்து ஓடினாள்.

ஐந்து பைகள்தான் தட்டில் இருந்தன. ஆறாவது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. ரவிக்கைத் துணி வெளியே இழுபட்டு, மஞ்சள் கிழங்கு உருண்டிருந்தது. பக்கத்தில் அவள் விற்ற கிளிகளில் ஒன்று மல்லாந்து கிடந்தது. மூடியில் டேப் இல்லை. பேட்டரிக்கு இரண்டு குழிகள், இரண்டும் காலி. ஒரு பேட்டரி தரையில் இருந்தது. மண்டியிட்டு மூலை முடுக்கெல்லாம் தடவினாள். இன்னொன்று கிடைக்கவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் ஜோஸ்லின் படியேறி வந்துவிட்டார். கிளியைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கி நிமிர்த்தினார்.

"எப்ப முழுங்கினா? சுபா, என்னப் பாரு. மணி சொல்லு."

சுபாஷிணி சுவரைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

"எட்டு மணிக்கே பால் குடிக்கல அக்கா. பல்லுன்னு நினைச்சேன்."

ஜோஸ்லின் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.