ஏகாம்பரம் பொறப்பட்டாச்சு

செவ்வாய்க்கிழமை காலை மைக்செட் சேகர் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு வந்து, வாட்ச்மேனை அனுப்பி என்னை வாசலுக்கு வரவழைத்தான்.

"அண்ணாத்தே பூட்டாருப்பா. விடிகாலைல. கோவில்பதாகை ஊட்லதான் கீறாரு." நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னான். "நம்ம கேசட்டு தேஞ்சி பூச்சி, கொயகொயன்னுது. உன்கிட்ட நல்ல காப்பி எதுனா கீதா?"

செத்தவரும் அந்தக் கேசட்டில் பாடியவரும் ஒருவர்தான். சேகருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. கேசட்டைச் செய்தவன் நான்.

ஏகாம்பரம் அண்ணன் சாவு வீட்டில் பாடுகிறவர். அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை அவரைக் கூப்பிடாத தெரு இல்லை. பாட்டும் அவர் கட்டியதுதான், ஆளுக்கு ஒரு பாட்டு. அயனம்பாக்கத்தில் என் அப்பா செத்த அன்றுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். பிணத்துக்குப் பக்கத்தில் டோலக் எதற்கு என்று எனக்கு எரிச்சல். அவர் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"உங்க அப்பா இன்னா மாதிரி ஆளு நைனா?"

சாதாரண ஆள் என்றேன்.

"அப்பிடி ஒர்த்தனும் இல்ல. எதுல போவாரு, வருவாரு?"

சைக்கிள், அதற்கு பெல் கிடையாது, வழியெல்லாம் 'ஓரம், ஓரம்' என்று கத்திக்கொண்டே போவார் என்றேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

*பெல்லு இல்லா சைக்கிளுல ஓரம் ஓரம்னு போனவரே,*
*சொல்லு இல்லாம இன்னிக்கி ஓரமாப் படுத்தவரே*

என்று அப்பாவின் பெயரைப் போட்டுப் பாடினார். அதுவரை அழாமல் நின்றவன் அப்போது அழுதேன். இவ்வளவும் தெரிந்தவன்தான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியில் ஒரு மாடி ஸ்டூடியோவில் ரெக்கார்டிங் பார்த்தேன். மாங்காட்டு அம்மன் பாட்டும் சர்ச் பாட்டும் அங்கே கேசட்டாகும். இவரையும் போடலாம் என்று முதலாளியிடம் நச்சரித்தது நான். எட்டுப் பாட்டு என்று முடிவானது. டோலக்கை முதலில் தனியாக வாசித்துவிட்டு, அதைக் காதில் கேட்டபடி பாட வேண்டும். பெயர் வருகிற முதல் இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

"யாரு பேர வெக்கிறது?"

"ஏதாவது ஒரு பேரை வையுங்களேன்."

"உசுரோட கீறவன் பேர வெச்சா அவன் பொண்டாட்டி என்னைச் செருப்பால அடிப்பா. செத்தவன் பேர வெச்சா அது அவன் பாட்டு, வேற ஆளுக்குத் தர முடியாது." கொஞ்சம் யோசித்தார். "என் பேரையே வெச்சிக்கறேன். கேக்க ஆளில்ல. உங்க அண்ணி காதுல மட்டும் போட்டுடாத."

எட்டுப் பாட்டையும் தன் பெயரை வைத்தே பாடினார். *தண்ணி மோந்து வையுங்க, தலவாசல் தொறங்க, ஏகாம்பரம் பொறப்பட்டாச்சு.*

மறு வாரம் பெயர் வந்த பத்தொன்பது இடத்திலும் குரலை அழித்தேன். எதை அழிப்பதற்கு முன்னாலும் ஒரு காப்பி எடுத்து வைப்பது என் வழக்கம். அன்றும் பெயரோடு இருந்ததை ஒரு ஸ்பூல் டேப்பில் எடுத்து வைத்தேன். இப்போது டோலக் மட்டும் நாலு தட்டு தட்டும், குரல் இருக்காது, அப்புறம் 'பொறப்பட்டாச்சு' என்று வரும். அவரிடம் போட்டுக் காட்டினேன்.

"பல்லு உய்ந்தாப்புல கீதே?"

"ஸ்டாண்டர்டு சைஸ் நட்டு மாதிரிண்ணே. எல்லாருக்கும் பொருந்தும்."

"எல்லாருக்கும் ஆவறது ஒர்த்தனுக்கும் ஆவாது நைனா."

பழமொழி சொல்லாதீர்கள், நேரமாகிறது என்றேன்.

கேசட் வந்தது. கடைகளில் வைத்தது அத்தனையும் அப்படியே திரும்பியது. "நல்ல ஊட்ல எவன்யா சாவுப் பாட்டு போடுவான்? படிச்சவன்தானே நீ?" என்று ஆவடிக் கடைக்காரர் கேட்டார். இரைச்சல், ஒலி அளவு, டேப்பின் தரம் எல்லாவற்றையும் யோசித்தவன், தெருவில் விளையாடும் பிள்ளைக்குத் தெரிந்த இதை யோசிக்கவில்லை.

வாங்கியவர்கள் மைக்செட்காரர்கள் மட்டும்தான். ஆளுக்கொன்று வாங்கினார்கள், ஒன்றிலிருந்து பத்து எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் எங்கே சாவு விழுந்தாலும் கேசட்தான். அவரை யாரும் கூப்பிடவில்லை. "அதான் உன் குரலு கீதே அண்ணாத்தே, நீ இன்னாத்துக்கு அலையற?" என்று சேகர் அவர் முகத்துக்கு நேரே, பாசமாகத்தான் சொன்னான். மற்ற பாட்டுக்காரர்களும் டோலக்கை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

ஒருமுறை அவரோடு ஒரு கிழவியின் சாவுக்குப் போயிருந்தேன். ஸ்பீக்கரில் அவர் குரல். அவர் கடைசி வரிசையில் நின்று, குரல் இல்லாத ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கிழவியின் பெயரை வாய்க்குள்ளேயே சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை.

பிறகு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் கம்பெனிக்குத் தினக்கூலியாகப் போனார். ஆசிட் தொட்டிக்கு மேலே குனிந்து நிற்கிற வேலை. மூன்று வருஷத்தில் நெஞ்சு போய்விட்டது. கடைசியாகப் பார்க்கப் போனபோது கஸ்தூரி அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர்தான் உளறியிருக்கிறார். "அவரு பேரையே சாவுப் பாட்டுல பாட வெச்சியே, அதான் இஸ்துகினு போவுது. நீ படிச்சவன், நம்ப மாட்ட" என்றாள். நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. அவரைக் கொன்றது ஆசிட் புகை. ஆனால் அவரை அந்தத் தொட்டிக்கு அனுப்பியது எது என்பதைப் புரிந்துகொள்ள நம்பிக்கை எதுவும் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை சேகரை அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குத்தான் போனேன். அழிப்பதற்கு முன் எடுத்து வைத்த அந்த ஸ்பூலை ஒரு கேசட்டில் ஏற்றிக்கொண்டு கோவில்பதாகை போய்ச் சேரும்போது தேய்ந்த கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலரும் அங்கே இருந்தீர்கள். பாட ஆள் இல்லை. நாலு தட்டு, குரல் இல்லை, 'பொறப்பட்டாச்சு'. யார் புறப்பட்டார் என்று பாட்டில் இல்லை.

அண்ணியிடம் கேசட்டைக் காட்டினேன். "இதுல அவர் பேர் இருக்கு."

வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தாள். "போடு. பேர் இல்லாம அனுப்புனா அங்க யாருன்னு சேத்துப்பாங்க?"

போட்டேன். அவர் பெயரை அவரே பத்தொன்பது முறை பாடி முடித்தார். பாட்டு முடிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அவசரத்தில் கடைசித் துண்டை நான் வெட்டியிருக்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு தெரு முழுக்க அவர் குரல்:

"செத்தாச்சி நைனா. ஒரு டீ சொல்லு."

முதலில் சிரித்தது அண்ணிதான். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு சத்தமாக மாறியதை எல்லோரும் கேட்டோம். அதற்கு மேலே ஸ்பீக்கரில் என் குரல்: "பேசாதீங்கண்ணே, டேப் வீணாவுது."

அந்த ஸ்பூல் என்னிடம் இருக்கிறது. அதில் எட்டுப் பாட்டு, பத்தொன்பது இடத்தில் அவர் பெயர், கடைசியில் அவர் கேட்ட ஒரு டீ. வாங்கிக் கொடுத்தேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.