மயிலிட்டி மீன் வானுக்குப் பூட்டிய பெட்டி

சண்டிலிப்பாயில், கார் திருத்துகிற என் கராச் நின்ற காணியில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே வெறும் சுண்ணாம்புக் கல். காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்ய அங்கே குழி எடுக்க முடியாது என்று கிணறு வெட்டுகிறவர்களே கைவிட்டுப் போனார்கள். அலவாங்கோடு நானே இறங்கி எடுத்தேன். உடைந்த லொறியின் எஞ்சினைக் கழற்றிப் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்தேன். குடைசாய்ந்து கிடந்த காரின் பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து, கல்யாண வீடுகளுக்குச் சாமான் ஏற்றும் வண்டியாக்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். ஆனால் தெருமுனையில் ஒரு கார் திரும்பும்போதே அதில் ஒரு பிளக் அடிக்கவில்லை என்று வீட்டுக்குள் இருந்து சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நானே சொல்வது பெருமையாகத்தான் தெரியும். தெரியட்டும். சொல்ல வேண்டிய ஒருவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

அவன் என் மனைவியின் தம்பி. கொழும்பில் றேடியோ வேலை பழகிவிட்டு வந்தவனுக்கு என் கராச்சின் ஒரு மூலையை ஒதுக்கி, மேசை போட்டுக் கொடுத்தேன். எழுபதுகளின் நடுவில், இறக்குமதி இறுகி உதிரிப் பாகமே கிடைக்காத காலம் அது. எங்கள் பழைய கார்களில் முதலில் போவது பொயின்ற். எஞ்சின் சுழலச் சுழலத் திறந்து மூடி, பிளக்குகளுக்கு நெருப்புப்பொறி போகச் செய்கிற சிறு இணைப்பு அது. பொறி பட்டுப் பட்டுக் கருகும். புதியது இல்லாததால் எல்லாரும் தீப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து அதால் தேய்த்துத் தேய்த்து ஓடினார்கள். மைத்துனன் ஒரு நாள் ரான்சிஸ்டர் வைத்த தகரப் பெட்டி ஒன்றைக் காட்டினான். பெரிய மின்சாரத்தைப் பெட்டி தாங்கும், பொயின்றில் கொஞ்சந்தான் ஓடும், ஆகவே கருகாது என்றான். யோசனை அவனுடையது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் கேட்பார்கள், அப்படி மாற்றுவது பிரயோசனமா என்று. பிரயோசனந்தான். விடியற் குளிரில் ஒரே உதறலில் எஞ்சின் பிடிக்கும், அடிக்கடி பொயின்ற் தேய்க்கிற வேலை இல்லை. ஆனால் பொயின்றைத் திறந்து மூடுகிற தண்டு ஆடிக்கொண்டிருந்தால் எந்தப் பெட்டியும் உதவாது. அவனுடைய முதற் பெட்டி என் காரிலேயே துள்ளித் துள்ளி ஓடியது. தண்டை ஆடாமல் பிடிக்கிற பித்தளை வளையம், புஷ் என்பது, அதைப் புதிதாகக் கடைந்து போட்டு அந்தத் துள்ளலை நிறுத்தினவன் நான். இன்னொன்றும் உண்டு. அந்த இங்கிலாந்துக் கார்களில் பற்றறியின் பிளஸ் பக்கம் காரின் உடம்பில் பூட்டியிருக்கும். அவனுடைய பெட்டிக்கோ மைனஸ்தான் உடம்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் வயர்களை மாற்றி, டைனமோவையும் அதற்குப் பழக்கி எடுத்தவன் நான். அவன் பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

வெளியாருக்கு முதலில் பூட்டியது மயிலிட்டிக் கடற்கரைச் சம்மாட்டியார் மீன் ஏற்றி ஓடிய வானுக்கு. வள்ளமும் வலையும் வைத்துப் பத்துக் குடும்பத்துக்குத் தொழில் கொடுத்த மனிதர். ஒரு இரவுதான் போனது, அடுத்த நாள் காலையில் சைக்கிளில் வந்து கராச் வாசலில் குதித்தார்.

“என்ன மெக்கானிக்கர்! என்ரை பாரை மீனெல்லாம் கரையிலை கிடந்து நாறுது. வான் அசையேல்லை. உம்மடை விஞ்ஞானத்தை உம்மடை மாமனாற்றை காரிலை காட்டுமன்!”

சந்தைக்குப் போகிற சனம் நின்று பார்த்தது. நான் வாய் திறக்க முதல் மைத்துனன் மேசையிலிருந்து எழும்பி வந்தான்.

“பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. அத்தான்தான் பற்றறியை மாத்திப் பூட்டினவர். எனக்கு உதிலை சம்பந்தமில்லை.”

என் கூரையின் கீழ் நின்றுகொண்டு சொன்னான். அன்று என் மனைவிதான் சமாதானம் சொன்னாள். “அவன் பயத்திலை சொல்லிப்போட்டான். விடுங்கோவன்.” விட்டேன்.

ஆனால் வானை விடவில்லை. கருகிய பெட்டிக்குப் பதிலாக இன்னொன்றைப் பூட்டிவிட்டு, அன்று பின்னேரமும் இரவும் மயிலிட்டியிலேயே தங்கினேன். பொழுது சாயச் சாரதி பற்றறியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அங்கே மின்சாரம் இல்லை, றேடியோவில் பாட்டுக் கேட்க வேண்டுமாம். தினமும் இதுதான் வழக்கமாம். விடிய அவன் திரும்பப் பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். உடம்பு வயரைக் கொண்டுபோய்ப் பிளஸ் முனையில் கொழுவப் போனான். கையைப் பிடித்தேன்.

“என்னடாப்பா செய்யிறாய்?”

“பிளஸ் உடம்புக்குத்தானே அண்ணை! கண்ணை மூடிக்கொண்டும் பூட்டுவன்.”

“கண்ணைத் திறந்து பூட்டெண்டுதானே சொன்னனான்!”

அவனைக் குறை சொல்லி என்ன? வாகனம் ஓடப் பழகிய நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான் பூட்டியது. பெட்டி இல்லாத காலத்தில் மாறிக் கொழுவினாலும் வான் ஓடும். ரான்சிஸ்டரோ திறப்பைப் போட்டுத் திருப்பிய உடனே செத்துவிடும். எந்தப் பற்றறியிலும் பிளஸ் முனை மற்றதைவிடச் சற்றுத் தடிப்பு. அதை வைத்து நினைத்தேன். கழித்துப் போட்ட வள்ள எஞ்சின் ஒன்றின் பித்தளைப் புஷ்ஷை எடுத்து, மைனஸ் முனை மட்டும் புகக்கூடிய வளையமாகக் கடைந்து, உடம்பு வயரின் நுனியில் பற்றவைத்தேன். இனிச் சாரதி கண்ணை மூடினாலென்ன, திறந்தாலென்ன, பிழையாகப் பூட்ட முடியாது. அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் கருகவில்லை. வலிகாமத்தில் எத்தனையோ வான்களுக்கும் வாடகைக் கார்களுக்கும் அந்த வளையத்தோடுதான் பூட்டினோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சி வைத்தார்கள். மைத்துனன் அந்தப் பெட்டியை மேசையில் வைத்து விளக்குகிறான் என்று கேள்விப்பட்டு, மனைவி கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டினாள். நானும் புது வேட்டியோடு போனேன். சனத்துக்குப் பின்னால் நின்றோம். ஆசிரியர் ஒருவர் வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பெட்டியை விட இதெல்லோ கெட்டித்தனம்! ஆற்றை யோசினை தம்பி?”

அவன் நிமிர்ந்தான். என்னைக் கண்டான். கண்டுகொண்டுதான் சொன்னான்: “உது பெரிய விசயமில்லை சேர். ஒரு கராச்சிலை சொல்லிச் செய்விச்சது.”

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஏறி வீடு திரும்பினோம். முதல் முறை அவன் பழியை என் தலையில் போட்டபோது அதைச் சுமந்தேன், பழியாவது என் பெயரில் இருந்தது. இந்த முறை என் பெயரையே எடுத்துவிட்டான்.

இப்போது அவனைப் பற்றி நல்லதாக எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எழுதட்டும். பெட்டி அவனுடையது என்று நானே சாட்சி சொல்வேன். ஆனால் அது கடற்கரையில் ஒரு விடியலுக்கு மேல் உயிரோடு இருந்தது என்னால். அதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதுகிறவர்கள் சொன்னால் மட்டும் போதாது, அவனே தன் வாயால் சொல்ல வேண்டும்: அந்தப் புஷ்ஷும் வளையமும் அத்தானுடையவை என்று. அவனுடைய அக்காவுக்குக் காது இன்னும் கேட்கிறது. அவளுக்கு முன்னால் வந்து சொல்லட்டும்.