எட்டாம் நாள் வந்த நசீரா அக்கா

நசீரா அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. சிரம்பான் தெமியாங்கில் மகள் ஆஃபியாவோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "லோகேஸ்வரி, ஏன்டி இப்படி எளைச்சுப் போய்ட்ட? வீட்டுல சமைக்கிறியா இல்லியா?" நான் எழுபது கிலோ. அது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜபருல்லாவின் மூத்த மகள் அவர். கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர், வாய்க்குக் கேட்கவா வேண்டும். அரசாங்க ஆபிஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. கவனிப்பு இல்லாத பிள்ளைகளைப் போய்ப் பார்த்து, தேவைப்பட்டால் விடுதிக்குக் கொண்டுபோகிற பிரிவு. தமிழ் பேசுகிறார் என்பதால் ரப்பர் தோட்டத்துக் கேஸ் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. தமிழ் தெரிந்தால் தமிழர் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் தெரிந்திருக்கும் என்று மேலே இருந்தவர்களுக்கு நினைப்பு. அக்காவோ அதுவரை ஒரு தோட்டத்து வீட்டுக்குள் போனதே இல்லை. "தோட்டத்து ஆளுங்கன்னா தண்ணிதான்னு எங்க வீட்லயும் பேசிக்குவோம்லா" என்று இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்வார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் அப்போது மந்தினுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இன்று அங்கே மாடி வீடுகள். வரிசை வீடுகளாக இருந்த அந்த லயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் லயத்துக்கே பசிக்கும். என் அம்மா திலகா பாலெடுக்க மரம் வெட்டிவிட்டு வந்த களைப்பிலும் ஊரைச் சிரிக்க வைப்பாள். தீபாவளிக்குத் தீபாவளி லயத்துப் பெண்களோடு உட்கார்ந்து ஒரு போத்தல் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், குடிப்பாள். அப்பா அமிர்தலிங்கம் காவடி எடுத்த வருடத்திலிருந்து அந்தப் பக்கமே போகாதவர். "இந்த வீட்ல நாந்தான் ஆம்பள" என்று அம்மா அவரைச் சீண்டுவாள். அவர் வெட்கப்படுவார்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை என்று பள்ளி, அக்காவின் ஆபிசுக்குச் சொல்லிவிட்டது. அம்மா போன எட்டாம் நாள், எட்டாம் துக்கத்தன்று சாயங்காலம் வேன் வந்தது. பெரிய ஆபிசர் ஒருவர் இறங்கினார், பின்னால் நசீரா அக்கா.

சவரம் செய்யாத முகம், எட்டு நாள் தூக்கமில்லாமல் சிவந்த கண், குழறும் பேச்சு என்று அப்பா நின்றார். மூலையில் திறந்த ஸ்டவுட் போத்தல், பக்கத்தில் ஊற்றி வைத்த கிளாஸ். அம்மாவின் படம் மந்தினில் கண்ணாடி போடும் கடையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. போத்தல் யாருடையது என்று ஆபிசர் மலாயில் கேட்டார். என் சம்சாரத்தினுடையது என்றார் அப்பா. அவள் எங்கே என்றதற்கு, விளக்கு வைத்ததும் வருவாள் என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆபிசருக்கு அது குடிகாரன் உளறலாகக் கேட்டது.

"உங்க ஆளுங்கன்னாலே இதுதானே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, என் துணிகளை எடுத்து வைக்கும்படி பக்கத்து வீட்டு மங்கம்மாவுக்கு உத்தரவு போட்டார். அவள் அழுதுகொண்டே ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்தாள். அப்பாவோ துரைமாரை எதிர்த்துப் பேசிப் பழகாத ஆள்.

அக்கா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்தார். "அப்பா தெனம் குடிப்பாரா?"

"அப்பா குடிக்க மாட்டாரு. அம்மாவுக்குத்தான் அது புடிக்கும்."

"அம்மா எங்க?"

"செத்துட்டாங்க. இன்னிக்கு எட்டு."

அக்காவுக்கு விளங்கவில்லை. மங்கம்மாவைப் பார்த்தார். "செத்தவங்களுக்குப் புடிச்சத வச்சுப் படைப்போம் தாயி. கறி, மீனு, வெத்தல. அவளுக்கு இதுவும்" என்றாள் மங்கம்மா.

முக்காடு மூக்கை விட்டு இறங்கியது. அக்கா வெளியே போய் ஆபிசரிடம் சொன்னார். நீயும் அவர்கள் ஆள், அப்படித்தான் சொல்வாய் என்றார் அவர். "இதக் கையாலயும் தொடாதவ நானு, துவான். பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போவுது? படையல் முடியிற வரைக்கும் இருந்து பாருங்க. அப்பறம் பிள்ளையத் தூக்கலாம்." சொல்லிவிட்டு வேன் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றாராம்.

படம் வந்தது. மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். கும்பிட்டு எழுந்த அப்பா அந்தக் கிளாஸைக் கையில் எடுத்தார். ஆபிசர் வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா பின்பக்கம் போய், அதை வாழை மரத்தடியில் ஊற்றினார். போத்தலில் இருந்த மிச்சத்தையும் கவிழ்த்தார். ஆபிசர் யாரையும் பார்க்காமல் போய் வேனில் ஏறினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் கேட்பது, "வீட்ல இன்னிக்கு நல்லது கெட்டது ஏதும் இருக்காம்மா?" என்பதுதான். மற்ற கேள்வியெல்லாம் பிறகுதான்.

அன்று வேன் செம்மண் சாலையில் திரும்பி மறைந்தது. நான் போகவில்லை, வாசலில்தான் நின்றேன். அப்பா உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, அம்மாவின் சேலைக்குப் பக்கத்தில் கொடியில் போட்டார். அம்மா போனதிலிருந்து அழாத மனிதர், கடைசிச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.