லீவுக்கு முன்னால் வற்ற வேண்டிய பால்

தோவாளைச் சந்தையிலிருந்து என் மாமியார் மல்லிகை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள். "மாப்பிள்ளை வாறதுக்கு முன்னாலயே பூ வந்தாச்சா?" என்று என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பூ தலைக்கு இல்லை, என் மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைப்பதற்கு என்று தெருவில் நின்று சொல்ல முடியுமா?

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். கணவருக்கு துபாயில் வேலை. ஒன்றரை மாத லீவில் வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து மாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பால் குடிக்கிறவரை அடுத்தது தங்காது என்பது அவள் நம்பிக்கை. எனக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை என்பதைத் துணி காயும் கொடியைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுப் பால் போரும் மக்களே. அவன் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு ஆம்பளப் பிள்ளை தங்கட்டும். இந்த லீவ விட்டா பொறவு எப்போ?"

லீவைக் கம்பெனி கொடுத்தது, டிக்கெட்டைக் கணவர் எடுத்தார். அதிலெல்லாம் யாரும் தலையிடவில்லை. என் உடம்பில் ஊறுகிற பாலை மட்டும் வீட்டில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் போலிருக்கிறது.

நான் வாயைத் திறக்காமல் இருக்கவில்லை. தடுப்பூசி போடுகிற நர்ஸ் இரண்டு வயதுவரை கொடுக்கச் சொன்னதை மாமியிடம் சொன்னேன். "அவ சம்பளத்துக்குச் சொல்லுகா" என்றாள். என் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவிய சொல்லுகதக் கேளு மக்களே, சண்ட வேண்டாம்" என்றாள். கடைசியில் கணவரிடமே போனில் சொன்னேன்.

"பிள்ள இன்னும் ஆசையாக் குடிக்கா. எனக்குக் குடுக்கணும்."

"அம்மைக்குத் தெரியாததா? அவ சொல்லுகத கேளு" என்றார்.

கேட்டேன். மாமி மல்லிகையைச் சரமாகத் தொடுத்து மார்பில் சுற்றி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். காலையில் அவிழ்த்தால் பூ பழுப்பேறிக் கசங்கிக் கிடக்கும். புதுப் பூ வைத்து மறுபடி கட்டுவாள். மார்பு கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது. மகளை மாமி தன் அறையில் வைத்துப் பாட்டிலில் பால் கொடுத்தாள். பிள்ளை அழும் சத்தம் கேட்டால் போதும், கட்டையும் மீறிப் பால் சுரந்து துணி நனையும். பால் புளித்த வாடையும் மல்லிகை வாசமும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவர் வந்து இறங்குவதற்குள் பால் நின்றுவிட்டது. மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

கணவர் பெட்டியைத் திறந்தபோது மேலேயே பால்பொடி டின்கள் இருந்தன. மகளுக்காம். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து, "நல்ல மல்லிகை மணம்" என்றார். என் தோலில் ஊறிப்போயிருந்த மணம் அது. அவரை அறைந்திருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.

அவர் விமானம் ஏறிய மறுவாரம் எனக்கு மாதவிலக்கு வந்தது. "லீவு வீணாப் போச்சே" என்று மாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மார்பில் வைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலுக்கு வீறிட்டாள். லீவுக்காக அழ அந்த வீட்டில் ஆள் இருந்தது. அந்தப் பாலுக்காக நான் மட்டும்தான் அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கணவர் போனில் கூப்பிட்டார். அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் ஆகுமாம். "அது வரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுத்திருக்கலாம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அடுத்த லீவுக்கு முன்னால் நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு லீவு வந்து போய்விட்டது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் ஒருத்திதான்.

மாமி இப்போதும் எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எட்டு மாசம் விடாமப் பால் குடுத்தா பாத்துக்கோ, அதுல இவளுக்க வயிறு வறண்டு போச்சு." நான் அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்வதில்லை.