அட்டைக் கடிதானே!

போன வாரம் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே செல்வி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அரவேணுவில் எனக்குப் பக்கத்து வீடு. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். ஒரு வாரமாகக் காய்ச்சல்.

டெங்கு? இல்லை. டைபாய்டு? இல்லை. மலேரியா? அதுவும் இல்லை. 'இல்லை' என்று ரிசல்ட் வந்தால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? எனக்குப் பயம்தான் கூடியது.

டாக்டர் இளம்பெண். பொறுமையாகத்தான் கேட்டார். "உடம்புல எங்கயாவது காயம், புண்ணு இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லைங்க..." என்றார் செல்வி.

கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. வெளியே கொட்டும் மழை. இந்த மூச்சோடு மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளைத் தாண்டுவாரா?

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவர் கணவர் ராசு பதறினார். "பாத்துத் தூக்குங்க... இடுப்புல அட்டை கடிச்ச எடம் இன்னும் ஆறலைங்க!"

டாக்டர் நின்றுவிட்டார். "காயமே இல்லைன்னு சொன்னீங்க?"

"ஏனுங்க, அட்டைக் கடியெல்லாம் ஒரு காயமாங்க? தெனமுந்தான் கடிக்குது. சுண்ணாம்பு வெச்சா சரியாப் போயிரும்" என்றார் ராசு.

நர்ஸ் காய்ந்த சுண்ணாம்பைத் துடைத்தார். அடியில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. சேலை நனையாமல் இருக்க இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டுவார்களே – சரியாக அந்த இடத்தில்.

அட்டை இல்லை என்றார் டாக்டர். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி. புதரில் இருக்கும். அது கடித்தால் உள்ளே போகும் கிருமி தருகிற காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்துக்கே அடங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், கிட்னி என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

முற்றிய நிலையில் ஒரு மருந்தைவிட இரண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று சமீபத்திய ஆய்வைப் பற்றிப் படித்திருந்தேன். சொல்லலாமா என்று எழுந்தேன். டாக்டர் அதற்குள் இரண்டையும் நர்ஸிடம் சொல்லிவிட்டார். அசடு வழிய உட்கார்ந்துகொண்டேன்.

மருந்து இறங்க ஆரம்பித்தது. பயணம் நின்றது. அன்று முழுக்க ராசுவும் நானும் செல்வி இருந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு ஆராய்ச்சி, எத்தனை பேருடைய உழைப்பு! எல்லாம் ஒரு துளி சுண்ணாம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றதே என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? தினமும் நடப்பதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. செல்வி சுடுகஞ்சி கேட்டார். ராசு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சேதி எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று செல்வியைப் பார்க்கப் போனேன் – ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் கூட்டம். கை, கால், இடுப்பு என்று அவரவர் அட்டைக் கடியைக் காட்ட வந்திருக்கிறார்கள்!

டாக்டர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை... லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.