குறை மட்டும் பேசிய ஞாயிறுகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் முன்னறையில், ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் மூவர் கூடி அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்த்து வந்தோம். வீட்டுக்காரரை நான் அண்ணை என்றே அழைப்பேன். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு ஆடியவர். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மற்றவர் ஹரோவிலிருந்து வரும் மருத்துவர், மதுரைக்காரர். அண்ணையின் தம்பி அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டங்களை வீடியோ நாடாவில் பதிந்து அனுப்புவான். அந்நாட்டு நாடா எங்கள் கருவியில் ஓடாதாகையால், இல்ஃபர்டில் ஒரு கடையில் கொடுத்து மாற்றுவித்த பின்னரே பார்க்க முடியும். என்றோ முடிந்துபோன ஆட்டத்துக்காக நாங்கள் இருக்கை நுனியில் அமர்ந்து நகம் கடித்தோம்.

பிற ஆட்டக்காரர் விஷயத்தில் எங்கள் நாவுக்குக் கடிவாளம் இல்லை. இவன் பெரிய அணிக்குப் போவான், அவன் முழங்கால் இரண்டாண்டு தாங்காது என்று விதி எழுதிக்கொண்டிருப்போம். தம்பி திரையில் தோன்றியதும் அவ்வீட்டின் சட்டம் குறுக்கிடும்: அவனை எவரும் புகழக் கூடாது. புகழ்ந்தால் கண்ணேறுபோல் நாவூறு பட்டுவிடும் என்பது அண்ணையின் அச்சம். அவன் எறியும் பந்து வளையத்தைத் தொடாமலே வலைக்குள் விழும். அண்ணையின் கால்கள் தரையில் நில்லா. வாயோ, "இடக்கை இன்னும் சுத்தமில்லை" என்று முணுமுணுக்கும்.

"யாழ்ப்பாணத்திலை பனை, அங்கை போய் நிண்டால் வடலி" என்பேன் நான், அவனைக் குட்டைப் பனங்கன்றாக்கி.

"ஓடவும் மாட்டேங்கிறான்" என்பார் மருத்துவர், அவன் எல்லாரையும் முந்தி ஓடுகையில்.

ஆண்டுக்காண்டு அவன் தேறிவந்ததை எங்களைப் போல் அறிந்தவரில்லை. ஆயினும் அது அவ்வறையில் ஒருமுறையேனும் ஒலித்ததில்லை; தொலைபேசியில் அவனிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் ஆண்டு அவனுக்குப் படிப்பு முடியவிருந்தது. ஜெர்மனியில் ஒரு தொழில்முறை அணி அவனைத் தேர்வாட்டத்துக்கு அழைத்திருந்தது. போகாவிட்டால் மேற்படிப்பில் சேர்ந்து பந்தை வைத்துவிட வேண்டியதுதான். அண்ணையின் அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் முடிவாகாமல் கிடந்ததால், நேரில் போய்த் தம்பிக்குத் துணைநிற்கவும் அவருக்கு வழியில்லை.

ஒரு ஞாயிறன்று, நாடா ஓடிக்கொண்டிருக்கையில், அவனே தொலைபேசியில் அழைத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி அண்ணை பொத்தானை அழுத்தினார்.

"அண்ணை, நாளைக்கு ஜெர்மன்காரருக்கு முடிவு சொல்லவேணும். ஆட்டம் பாத்தனீங்கள்தானே? நான் தேறுவனோ?"

அண்ணை வழக்கம்போலவே தொடங்கினார். "இடக்கை சரியில்லை. திரும்பேக்கை பிந்துறாய்."

"உயரம் பத்தாது தம்பி" என்றார் மருத்துவர். நானும் என் பங்குக்கு மூச்சுப் போதாது என்றேன்.

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் கிடந்தது. நாளைக்கு ஏலாதெண்டு சொல்லிவிடுறன்." இணைப்பு அறுந்தது.

அண்ணை எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உவன் என்ன, உண்மையெண்டே நினைச்சுப்போட்டான்?"

"வேற என்னண்ணே நினைப்பான்? நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கமா?" என்றார் மருத்துவர்.

அண்ணை உடனே எண்களை அழுத்தினார்; தம்பி வேறெவருடனோ பேச்சிலிருந்தான். மீண்டும் அழுத்தினார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். யன்னல் திரையை விலக்கினார், மூடினார். நான் அமர்ந்திருந்த நாற்காலியைக்கூட நகர்த்தி வைத்தார். "இந்நேரம் அவையளுக்குச் சொல்லிப்போட்டானோ தெரியேல்லை" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். ஒருவழியாக மறுமுனையில் மணி ஒலித்தது. தம்பியின் குரல் அறையில் கேட்டதும் அவர் தொலைபேசியின் பேசுமுனையைப் பொத்தி, "நீங்கள் சொல்லுங்கோ" என்று என்னிடம் நீட்டினார்.

"உங்கடை தம்பி. நீங்கள்தான் சொல்லவேணும்."

"டேய்" என்றார். "நீ போ. நாங்கள் பாத்த பெடியளுக்கை உன்னைப்போலை ஒருத்தனும் பந்து எறியேல்லை. மூண்டு வருசமாப் பாக்கிறம். நீ வலு கெட்டிக்காரன்."

"அப்ப இவ்வளவு நாளும் சொன்னது?"

"நாவூறு பட்டிடுமெண்டு..."

"உங்கள் மூண்டு பேருக்கும் விசரே?" அவன் சிரிப்பு அறை முழுதும் கேட்டது. "சரி, போறன். போயிட்டு வந்து போன் எடுக்கிறன்."

தொலைபேசியை வைத்ததும் அண்ணைக்கு மகிழ்ச்சி வரவில்லை; அச்சமே வந்தது. இவ்வளவு நல்ல சொல்லை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே! சமையலறைக்கு ஓடி, உப்பும் காய்ந்த செத்தல் மிளகாயும் அள்ளி வந்தார். யாரைச் சுற்றிக் கழிப்பது? ஆள் கடலுக்கு அப்பால். நாடாவை நிறுத்தினார், கையை உயர்த்தியபடி தம்பி திரையில் நடுங்கி நின்றான். தொலைக்காட்சியை மும்முறை சுற்றி, மிளகாயைக் கொண்டுபோய் அடுப்புத் தீயில் இட்டார்.

மிளகாய் நெடி ஏறாவிட்டால் நாவூறு பட்டிருக்கிறது என்பது எங்கள் வழக்கு. ஏறியது. மருத்துவர் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார்; எனக்குக் கண்ணீர் வழிந்தது. "பாருங்கோ அண்ணை, ஒண்டும் படேல்லை" என்றேன்.

அண்ணைக்கு அது போதவில்லை. இருமியபடியே இன்னொரு பிடி மிளகாய்க்குக் கைநீட்டினார்.