மோகனின் அழுகையை வெட்டியவன்

அந்தக் காணொளியை ஏற்றியவன் நான்தான். ஸ்டெல்லா அல்ல.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. இப்போதும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவில்லை... முகம் தெரியாத உங்களிடம்தான் சொல்கிறேன். இதுவும் கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கமாட்டேன்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நானும் மோகனும் ஒரே லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பின் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள். நாங்கள் இருவரும் நடித்த நகைச்சுவைத் தொடர் ஒன்று இணையத்தில் வந்தது. பெயர் 'பஸ்ஸு போயிருச்சு'. எதைத் தொட்டாலும் உருப்படாத இரண்டு நண்பர்களின் கதை. வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டப் போய்த் தேயிலைக்குள் தாங்களே தொலைந்து போவார்கள்; நுவரெலியாவில் குதிரைச் சவாரிக்கு ஆள் பிடிக்கப் போய்க் குதிரையைத் தவறவிடுவார்கள். எழுதுவது நான். ஆனால் மக்கள் சிரித்தது மோகனின் முகத்தைப் பார்த்து!

படம் பிடித்தது ஸ்டெல்லா. தன் கைப்பேசியில் எடுத்து, வெட்டி ஒட்டி, சேனலில் ஏற்றுவது வரை அவள் வேலை. மோகனும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார்கள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண் என்று முதலில் முகத்தைத் திருப்பிய மோகனின் அம்மா, அப்போதுதான் மெல்ல இறங்கி வந்திருந்தார்.

ஒரு நாள் மழைக்குப் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கியிருந்தோம். கைப்பேசி ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது மோகன் ஒரு கதை சொன்னான்.

அவன் சிறுவனாக இருக்கும்போதே அவன் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர். பல வருடங்கள் கழித்துத் திரும்பியபோது, மாமாவோடு இவனும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனான். கையில் மாலை. வாசலில் வந்த ஒரு தடித்த பெண்ணைப் பார்த்து, "அம்மா!" என்று ஓடி, மாலையைப் போட்டுக் காலில் விழுந்திருக்கிறான். அந்த அம்மாள் சிங்களத்தில் போட்ட கூச்சலை மோகன் நடித்துக் காட்டினான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"அப்போ பின்னால ஒரு சத்தம்டா... 'தம்பி, நான் இங்க இருக்கேன்யா'ன்னு. திரும்பிப் பாக்குறேன். எலும்பும் தோலுமா ஒரு பொம்பள. எங்கம்மாவ எனக்கே தெரியலடா..."

அவ்வளவுதான். மோகன் உடைந்து அழுதான். ஸ்டெல்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்... நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'இதைப் பார்த்தால் ஊரே சிரிக்கும்' என்று நினைத்தேன்!

மறுநாள் காலையில் மோகன் எங்களிடம் வந்தான்.

"அத எங்கயும் போட்றாதீங்க. அம்மா அத யாருகிட்டயும் சொன்னதில்ல."

ஸ்டெல்லா எங்கள் கண்முன்னே அதை அழித்தாள். ஆனால் முந்தைய நாள் எடுத்ததையெல்லாம் நான் அதற்குள் என் மடிக்கணினிக்கு மாற்றியிருந்தேன். அது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எங்கள் தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். விளம்பரம் தருவதாகக் கொழும்பிலிருந்து பேசிக்கொண்டிருந்த ஒருவரும் அழைப்பதை நிறுத்திவிட்டார். இதெல்லாம் காரணமா? காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சிங்கள அம்மாளின் கூச்சலோடு முடியும்படி கதையை வெட்டினேன். மோகன் அழுத பகுதியை நீக்கினேன். கடைசியில் சிரிப்பொலி சேர்த்தேன். அடுத்த நாள், அவர்கள் இருவரும் அட்டன் டவுனுக்குப் போயிருந்த பகல் பொழுதில் ஏற்றிவிட்டேன்.

அது காட்டுத்தீயாகப் பரவியது. எங்கள் தொடரை அதுவரை பார்க்காதவர்கள்கூடப் பார்த்தார்கள். தோட்டத்திலும் பார்த்தார்கள்.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மோகனின் அம்மாவிடம் யாரோ ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "என்னக்கா, பெத்த மகனுக்கே ஒங்கள தெரியலயாமே?" நிரையில் கொழுந்து எடுத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அவர் பாதி நிறைந்த கூடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நானே மறந்துட்டேன்னு நெனச்சிருந்தேன்யா," என்று மட்டும் மகனிடம் சொன்னாராம். அவன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

மோகன் என்னிடம் வந்தான். அவன் முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

"யாருடா ஏத்துனது?"

"எப்பவும் ஏத்துறது ஸ்டெல்லாதானே..." என்றேன்.

கவனித்தீர்களா? அவள்தான் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் காணொளியை நீக்கினேன். அதற்குள் அது கைப்பேசி கைப்பேசியாகப் போய்விட்டிருந்தது. ஸ்டெல்லா தான் செய்யவில்லை என்று அழுதாள், பிரதி ஒன்றை வைத்திருந்து கைப்பேசியிலிருந்தே ஏற்றியிருப்பாள் என்று நினைத்த மோகன் அவளை நம்பவில்லை. அவன் அம்மா, "அந்தப் புள்ள இந்த வாசல மிதிக்கக் கூடாது," என்றார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

சில வாரங்கள் கழித்துத் தலவாக்கலை பஸ் நிலையத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போக முயன்றேன். அவளே அருகில் வந்தாள்.

"அன்னைக்கு நானும் அவரும் அட்டன்ல இருந்தோம். நான் ஏத்தல. பாஸ்வேர்டு தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான் யோகண்ணே. நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிருவீங்கன்னுதான் ஒங்க பேரச் சொல்லாம இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்... நீங்க எனக்கு அண்ணன் மாதிரின்னு நெனச்சேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்! அட்டன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்வதாகக் கேள்வி.

ஏன் அன்றே ஓடிப்போய் மோகனிடம் சொல்லவில்லை? கேளுங்கள். நானும் என்னைக் கேட்கிறேன். சொல்ல நினைத்து அவன் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலரும். "ஒன்னையும் நம்பலைன்னா நான் யாரடா நம்புறது?" என்று ஒருமுறை கேட்டான். அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

தொடர் இன்னும் வருகிறது. அதில் நானும் அவனும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத முட்டாள்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோறு போட்டுக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேள, அந்தப் புள்ள இந்த வீட்டுக்கு வரல. அந்த நேரம் நீ மட்டும் கூட இல்லன்னா எம்மகன் என்னா ஆயிருப்பானோ..."

மோகன் தலை குனிந்துகொண்டான். அவன் இன்னும் அவளை நினைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை...

சோறு தொண்டையில் அடைத்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அடைக்கவில்லை. கறி நன்றாக இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் போடவாய்யா?" என்று கேட்டார்.

"போடுங்கம்மா," என்றேன்.